இடிந்ததா, இடித்ததா?

தமிழிலே ஒரு சௌகரியம் உண்டு. ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் போதும், குற்றவாளி தப்பித்துக்கொண்டு விடுவான். 'சுவர் இடிந்தது' என்று எழுதினால் அதற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை. 'சுவரை இடித்தான்' என்று எழுதிவிட்டாலோ, "யார் அவன்?" என்று வாசகன் உடனே கேட்பான். உடைந்தது, உடைத்தான், சிதைந்தது, சிதைத்தான், அழிந்தது, அழித்தான். இதைத் தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட வைத்தார்கள். கல்லூரிப் படிப்பைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்த எனக்கு, இலக்கணத்தில் மிஞ்சியது இந்தக் கொஞ்சந்தான். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கொஞ்சம் பெரிய முதல்.

நம் பிரயாணக் கட்டுரைக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. எந்த தேசத்துக்குப் போனாலும் சரி, கூரை இழந்த ஒரு கட்டடத்தைக் கண்டுவிட்டால் போதும், பையிலிருந்து தன்வினையை எடுத்துவிடுகிறார்கள். காலவெள்ளத்தில் கரைந்தது என்பார்கள். காலன் கைபட்டுச் சிதைந்தது என்பார்கள். எல்லாம் மாயை என்று ஒரு பெருமூச்சோடு கட்டுரையை முடிப்பார்கள். வாசகருக்கும் கண் லேசாகக் கலங்கும். வேதாந்தமும் ஆயிற்று, வேடிக்கையும் ஆயிற்று.

இந்தப் பெருமூச்சைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். இது ரசனையும் அல்ல, வேதாந்தமும் அல்ல, சோம்பல். பல சமயங்களில் சோம்பலைவிட மோசமான ஒன்று.

உதாரணத்துக்கு ஓர் இடத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயரில், ரிப்பன் என்ற சிறு நகரத்திலிருந்து சுமார் மூன்று மைலில், ஸ்கெல் என்ற சிற்றாற்றின் கரையில் ஃபவுண்டன்ஸ் மடாலயம் இருக்கிறது. நான் அங்கே போனது சுத்தமான உல்லாசப் பிரயாணியாகத்தான். டிக்கெட் வாங்கினேன், வரைபடம் ஒன்று வாங்கினேன், எல்லோரும் நடக்கிற பாதையில் நடந்தேன். பச்சைப் புல்வெளியின் நடுவே நெடிய கல் தூண்கள், வானத்தையே கூரையாகக் கொண்ட ஒரு மாபெரும் கோயில், ஒரு மூலையில் இன்னும் தலை நிமிர்ந்து நிற்கும் ஒரு கோபுரம். அழகாகத்தான் இருக்கிறது. அதை மறுக்க என் கண் ஒன்றும் மரக்கண் அல்ல.

என்னை அழைத்துக்கொண்டு போனவர் லீட்ஸ் நகரத்தில் வெகுகாலமாக வைத்தியம் பார்க்கும் ஒரு தமிழர். என்னைவிட வயதில் மூத்தவர். நல்ல படிப்பாளி. அவர் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பார்த்தீங்களா சார், காலத்துக்கு முன்னால எதுதான் நிக்குது!" என்றார்.

"காலையில ரிப்பன் கோயிலைப் பார்த்தோமே டாக்டர், அது எந்தக் காலத்தது?" என்று கேட்டேன்.

"அந்த நிலவறை 672ஆம் வருஷத்ததுன்னு சொன்னாங்க."

"இது?"

அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "1132."

"இதைவிட 460 வருஷம் மூத்தது மூணு மைலுக்கு அந்தப் பக்கம் கூரையும் விளக்குமா சௌக்கியமா இருக்கு. காலம் அந்த மூணு மைலையும் தாண்டி இங்கே மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போச்சுங்கிறீங்களா?"

டாக்டர் சிரித்தார். "நீங்க கதை எழுதறவர். உங்களுக்கு ஒரு வில்லன் வேணும்" என்றார்.

வில்லனை நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை. சரித்திரத்தில் பெயரும் தேதியும் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

1132ஆம் ஆண்டில், யார்க் நகரத்துச் செயின்ட் மேரி மடத்திலிருந்து 13 துறவிகள் வெளியேறினார்கள். அங்கே சாப்பாடும் சுகமும் மிகுந்துவிட்டன, பெனடிக்ட் முனிவர் வகுத்த விதிகளின்படி வாழ முடியவில்லை என்பது அவர்கள் கட்சி. தர்ஸ்டன் என்ற ஆர்ச்பிஷப் இந்தப் பள்ளத்தாக்கை அவர்களுக்குக் கொடுத்தார். கல்லும் முள்ளுமான இடம். டிசம்பர் மாதக் குளிர். சில ஆண்டுகளில் அவர்கள் சிஸ்டர்ஷியன் என்ற கடுமையான துறவிக் கூட்டத்தோடு சேர்ந்தார்கள். பிறகு மடம் வளர்ந்தது. இங்கிலாந்திலிருந்த சிஸ்டர்ஷியன் மடங்களிலேயே பெரும் பணக்கார மடம் என்று பெயர் வாங்கியது.

நானூறு வருஷம் இப்படி நடந்தது. அதன் பின் எட்டாம் ஹென்றி வந்தான். போப்பாண்டவரோடு சண்டை, தானே திருச்சபையின் தலைவன் என்று பிரகடனம், கஜானாவிலோ எப்போதும் பற்றாக்குறை. 1536க்கும் 1540க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 800 மடங்களை மூடினான். முதலில் வருஷ வருமானம் 200 பவுனுக்குக் குறைந்த சின்ன மடங்கள்; பிறகு பெரியவை. வடக்கத்தி ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1536இல் ராபர்ட் ஆஸ்க் என்ற வக்கீலின் தலைமையில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். மன்னன் தரப்பில் சமாதானம் பேசிக் கலைந்துபோகச் சொன்னார்கள். கலைந்த பிறகு தூக்குமரம் நட்டார்கள். ஆஸ்க் 1537இல் யார்க்கில் மாண்டான். அதே வருஷம் ஃபவுண்டன்ஸின் முன்னாள் மடாதிபதி வில்லியம் தர்ஸ்க்கை லண்டனில் டைபர்ன் என்ற இடத்தில் தூக்கிலிட்டார்கள். அவருக்குப் பின் வந்த மடாதிபதி மார்மடியூக் பிராட்லி காற்றடிக்கும் திசை தெரிந்தவர். 1539 நவம்பர் 26ஆம் தேதி மடத்தை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு வருஷத்துக்கு 100 பவுன் பென்ஷன்.

இந்தக் கட்டடத்தில் ஒரு பிஷப்பின் பீடத்தை வைக்கலாமா என்றுகூடச் சிறிது காலம் யோசித்திருக்கிறார்கள். யோசனை கைவிடப்பட்டது, பீடம் செஸ்டருக்குப் போயிற்று. மடத்தை லண்டன் வியாபாரி ஸர் ரிச்சர்ட் கிரெஷாமுக்கு விற்றார்கள். அதே 1539இல் வடக்கே டர்ஹாம் மடமும் மன்னன் கைக்கு வந்தது. அந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1093இல். ஃபவுண்டன்ஸுக்குப் பாட்டன் வயது. அதைக் கதீட்ரலாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். இன்றைக்கும் அதன் மேல் கல் வளைவுகள் அப்படியே நிற்கின்றன. ஓர் அலுவலகத்தில், ஒரு மேஜைமேல், ஒரு காகிதத்தில் எழுதிய முடிவு ஒன்றைக் காப்பாற்றியது, இன்னொன்றைக் கொன்றது. இதில் காலத்துக்கு என்ன வேலை?

கட்டடத்தை எப்படிக் கொல்வது என்பதும் தெரிந்த விஷயந்தான். வெடி வேண்டாம், பீரங்கி வேண்டாம். கூரைமேல் இருக்கும் ஈயத் தகட்டை உரித்துவிட்டால் போதும். ஈயம் காசு, மணிகளின் வெண்கலமும் காசு. கூரை போனால் மழை சுவருக்குள் இறங்கும். அந்தக் காலத்துப் பெரிய சுவர்கள் வெளியே செதுக்கிய கல்லும் உள்ளே சுண்ணாம்பில் இட்ட உடைகல்லுமாக இருக்கும். உள்ளே போன நீர் குளிர்காலத்தில் உறைந்து பருக்கும். பருத்துக் கல்லைப் பிளக்கும். பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் கூலி வாங்காத வேலைக்காரன்தான். காலம் அந்த வேலைக்காரன். அவனை ஏவியவன் வேறொருவன். கத்தியைத் தண்டித்துவிட்டுக் குத்தியவனை வீட்டுக்கு அனுப்புகிற நியாயம் நம்முடைய பெருமூச்சு நியாயம்.

மன்னன் ஒருவன்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவவும் முடியாது. அதே யார்க்ஷயரில், தெற்கே, ரோச் என்று மற்றொரு சிஸ்டர்ஷியன் மடம் இருந்தது. அது 1538இல் விழுந்தது. 'விழுந்தது'! பார்த்தீர்களா, என் பேனாவுக்கும் அந்தச் சுகம் பழகியிருக்கிறது. 1538இல் அதை வீழ்த்தினார்கள். அதைக் கண்ணால் கண்டவர்களிடம் கேட்டு மைக்கேல் ஷெர்புருக் என்ற பாதிரியார் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். துறவிகள் உட்கார்ந்து பாடிய மர ஆசனங்களையே விறகாக்கி, அந்த நெருப்பில் ஈயத்தை உருக்கினார்களாம். அக்கம்பக்கத்து ஜனங்கள் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்களாம். ஷெர்புருக்கின் தகப்பனாரே கோயில் மரத்தில் ஒரு பங்கு வாங்கியவர். அந்தத் துறவிகளைப்பற்றி உங்களுக்கு நல்ல எண்ணம் இருந்ததா என்று மகன் கேட்கிறார். இருந்தது, கெட்ட எண்ணம் கொள்ளக் காரணம் ஒன்றும் இல்லையே என்கிறார் தகப்பனார். பிறகு ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: எல்லாம் எப்படியும் போகத்தான் போகிறது என்று தெரிந்தது, எல்லோரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன்.

என் கதைகளில் எத்தனையோ கொடியவர்களை எழுதியிருக்கிறேன். இந்தத் தகப்பனாரைப்போல ஒருவர் என்னைப் பயமுறுத்தியதில்லை. அவர் நல்லவர். மடத்தின்மேல் மரியாதை உள்ளவர். மரம் மட்டும் கொஞ்சம் வேண்டியிருந்தது. இந்த மாதிரி நல்லவர்கள் இல்லாமல் உலகத்தில் எந்த மன்னனும் எதையும் இடித்துவிட முடியாது. இந்த மனிதரைத்தான் 'காலவெள்ளம்' என்ற சொல் மூடி மறைக்கிறது.

"சந்நியாசிகளுக்கு வக்காலத்து வாங்குகிறீரோ?" என்று ஒரு வாசகர் கேட்கலாம். டாக்டரும் அதைத்தான் கேட்டார். வாங்கவில்லை. தன்வினை இடித்தவனை மட்டும் மறைக்கவில்லை, கட்டினவனையும் மறைக்கிறது. 'கோபுரம் எழுந்தது', 'மடம் வளர்ந்தது' என்கிறோம். நானே சற்று முன் அப்படித்தான் எழுதினேன். யார் வளர்த்தார்கள்?

மடத்தின் மேற்குப் பக்கம் ஏறக்குறைய 300 அடி நீளத்துக்கு ஒரு கீழ்த்தளம் இருக்கிறது. கல் வளைவுகள் தென்னந்தோப்புப்போல வரிசை வரிசையாக ஓடுகின்றன. அதன் ஒரு பகுதி சரக்கறை. ஒரு பகுதி பாமரச் சகோதரர்கள் உண்ட இடம். மேலே அவர்கள் படுத்த இடம். யார் இந்தப் பாமரச் சகோதரர்கள்? அவர்களும் சபதம் எடுத்துக்கொண்டவர்கள்தாம். ஆனால் பெரும்பாலும் எழுத்து வாசனை இல்லாதவர்கள். கற்றுக்கொள்ளவும் கூடாது, புஸ்தகம் கையில் இருக்கவும் கூடாது என்பது விதி. அவர்கள் எந்நாளும் முழுத் துறவி ஆக முடியாது. கோயிலிலும் தனி இடம். உழுவது, ஆடு மேய்ப்பது, ரோமம் கத்தரிப்பது, கல் சுமப்பது அவர்கள் பங்கு. சிஸ்டர்ஷியன் மடங்கள் தம் பண்ணைகளுக்காகச் சில ஊர்களைக் காலி செய்ய வைத்ததும் சரித்திரந்தான். ஃபவுண்டன்ஸின் கம்பளி ரோமம் கடல் கடந்து இத்தாலிக்குப் போயிற்று. 14ஆம் நூற்றாண்டில் பெகொலோத்தி என்ற ஃபிளாரன்ஸ்காரர் தொகுத்த வியாபாரக் குறிப்பில், இந்த மடத்தின் பேரில் ஆண்டுக்கு 76 மூட்டை என்று இருக்கிறது. ஒரு மூட்டை 364 ராத்தல். கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை ஆடு, எத்தனை கை என்று.

மடாதிபதிகளின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. நிமிர்ந்து நிற்கும் அந்தக் கோபுரத்துக்கு ஹூபி கோபுரம் என்றே பெயர். மார்மடியூக் ஹூபி 1495 முதல் 1526 வரை மடாதிபதியாக இருந்தவர். கோபுரத்தின் உயரம் 160 அடிக்கு மேல். சிஸ்டர்ஷியன் கூட்டத்தின் ஆரம்ப காலத்து விதிப்படி கல்லால் மணிக்கோபுரம் கட்டுவதே கூடாது. யார்க்கில் ஆடம்பரம் தாங்கவில்லை என்று குளிரில் கிளம்பிய 13 பேரின் வாரிசு கட்டிய கோபுரம் அது! ஆகவே, மடத்தைக் கொள்ளையிட்டவனையும் நான் கேட்கிறேன், மடத்தையும் கேட்கிறேன். ஆனால் ஒன்று. துறவிகள் பணக்காரர்களாகிவிட்டார்கள் என்று சொல்லிப் பிடுங்கிய சொத்து, ஆடு மேய்த்தவன் கைக்கு வரவில்லை. கிரெஷாம் கைக்கு வந்தது. அவர் லண்டனுக்கே மேயராக இருந்தவர். பிறகு கைமாறிக் கைமாறி, ஸ்டீஃபன் பிராக்டர் என்பவரிடம் வந்தது. அவர் மடத்தின் கல்லையே எடுத்துப் பக்கத்தில் தமக்கு ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். ஃபவுண்டன்ஸ் ஹால் என்ற அந்த மாளிகை இன்றைக்கும் இருக்கிறது, கூரையோடு.

கடைசியில் வந்தவர்தான் நம் ரசிகர். பக்கத்து எஸ்டேட்டின் சொந்தக்காரர் ஜான் ஏஸ்லபி, இங்கிலாந்தின் நிதி மந்திரியாக இருந்தவர். தென்கடல் கம்பெனி மோசடியில் சம்பந்தப்பட்டு 1721இல் பார்லிமெண்டிலிருந்து துரத்தப்பட்டார். ஊரோடு வந்து உட்கார்ந்து, குளங்களும் சிலைகளுமாக ஓர் உத்தியானவனம் அமைத்தார். அவர் மகன் வில்லியம் 1767இல் இந்த மடத்தை விலைக்கு வாங்கித் தோட்டத்தோடு சேர்த்தார். தோட்டத்துக்கு ஒரு பாழ் தேவைப்பட்டது. அந்தக் காலத்துச் சீமான்களின் மோஸ்தர் அது. தோட்டத்துப் பாதையில் நடந்து ஓர் உயரமான திருப்பத்துக்கு வந்தால், மடம் திடீரென்று கண்முன் தோன்றும்படி செய்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு ஆன் பொலீனின் ஆசனம் என்று பெயர். அங்கே தலையில்லாத சிலை ஒன்று முன்பு இருந்ததாம். அதனால் அந்தப் பெயர். ஆன் பொலீன் எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவி. 1536இல் அவள் தலையை வெட்டச் செய்தான் அவன்.

யோசித்துப் பாருங்கள். மனைவியின் தலையை எடுத்தவனே மடத்தின் தலையையும் எடுத்தான். இரண்டும் பிற்காலத்தில் ஒரு தோட்டத்தின் தமாஷாக ஆயின. நாம் நின்று "ஆகா!" என்று சொல்வதற்கென்றே தயார் செய்த இடம் அது. நானும் நின்றேன், காட்சி பிரமாதம். அதனால்தான் சொல்கிறேன்: 'காலத்தின் கோலம்' என்று நாம் நினைக்கிற அந்த உணர்ச்சிகூட நமக்காக ஒரு பணக்காரர் ஏற்பாடு செய்து வைத்தது. நாம் விடுகிற பெருமூச்சு, 250 வருஷத்துக்கு முன்பே அளவெடுத்துத் தைத்த சட்டை.

இன்று மடம் நல்ல கைகளில் இருக்கிறது. 1983 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற ஸ்தாபனம் பராமரிக்கிறது. 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மிச்சமிருக்கும் கல்லைக் காப்பாற்ற வேண்டியதுதான். அதற்காக நம்மிடம் காசு வாங்குவதும் நியாயந்தான். கூரையைத் திரும்பப் போடு என்று நான் கேட்கவில்லை. பார்க்கிறவனுக்குத்தான் என் கட்சி.

"போகட்டும் சார், நானூத்தி எண்பது வருஷத்துக் கதை. இப்ப யாரைப் போய்ப் பிடிக்கிறது?" என்றார் டாக்டர், திரும்பி வரும்போது. நியாயமான கேள்வி. ஹென்றியைப் பிடித்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. பழைய இடிபாட்டில் "யார்?" என்று கேட்காமல் ரசிக்கப் பழகினவன், புதிய இடிபாட்டிலும் கேட்க மாட்டான். குடிசை எரிந்தது என்பான். கிராமம் காலியாயிற்று என்பான். ஏரி தூர்ந்தது என்பான். எரித்தவனும் காலி செய்தவனும் தூர்த்தவனும் ஒரே எழுத்துக்குள் ஒளிந்துகொள்வார்கள். காலத்தைப்போல வசதியான குற்றவாளி வேறு கிடையாது. அதற்குக் கூண்டு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, ஜப்தி செய்யச் சொத்தும் இல்லை.

ஆகையால், ஃபவுண்டன்ஸுக்கோ அதைப்போன்ற வேறோர் இடத்துக்கோ போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபுரத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் மேற்குப் பக்கத்துச் சரக்கறைக்குள் போய், 76 மூட்டையை மனசில் அடுக்கிப் பாருங்கள். பிறகு கோயிலுக்குள் வந்து, கூரை இருந்த உயரத்தைக் கண்ணால் தேடுங்கள். அங்கே ஏணி வைத்து ஏறியவன் யார், கீழே நின்று எடை போட்டவன் யார், வீட்டுக்குக் கொஞ்சம் மரம் தூக்கிப்போன நல்லவர் யார் என்று கேளுங்கள். இத்தனையும் கேட்ட பிறகும் அந்தக் கல் அழகாகத்தான் இருக்கும். தாராளமாக ரசியுங்கள்.

ஊர் திரும்பி எழுத உட்கார்ந்தால், பேனா பழக்கத்தில் 'இடிந்தது' என்றுதான் போகும். ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். 'ந்'தை அடித்துவிட்டு 'த்' போடுங்கள். மிச்சத்தை வாசகன் கேட்டுக்கொள்வான்.